பாத்தியில் எத்தனை டிகிரி?

ஆரோவில் அருகே இடையஞ்சாவடியின் செம்மண் மேட்டிலிருந்து கிழக்கே இறங்கி, கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் மரக்காணம் உப்பளங்கள் வந்துவிடும். அங்கே "எத்தனை டிகிரி?" என்று கேட்டால் வெயிலைச் சொல்ல மாட்டார்கள், பாத்தித் தண்ணீரின் அடர்த்தியைச் சொல்வார்கள். கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி. அதைத் தெப்பம் எனப்படும் தேக்கங்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி வெயிலில் வற்றவிட, 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்கும். 25ஐத் தொட்டதும் உப்பு விழும். அப்போது பத்தில் ஒரு பங்கு தண்ணீர்தான் மிஞ்சியிருக்கும். 30ஐத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து உப்பு கசக்கும், ஈரம் கோத்துக்கொள்ளும். அதற்கு முன்பே மிச்ச நீரை வடித்துவிட வேண்டும்.

நாம் பாடத்திட்டம் எழுத உட்காரும்போது எந்தத் தொழிலைச் சேர்ப்பது என்றுதான் முதலில் கேட்டுக்கொள்கிறோம். தையலா, தச்சா, மின்பணியா, இப்போது ரோபோட்டிக்ஸா. அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவைக்கச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஒரு வேலையில் முடிவெடுக்க வேண்டிய இடம் எது, எதை அளந்து அந்த முடிவை எடுக்கிறோம் என்பதிலிருந்து பாடம் தொடங்கட்டும். உப்பளத்தில் அந்த இடம் 25 டிகிரி.

இதை நான் வலியுறுத்த இந்த மண்ணின் அனுபவம்தான் காரணம். 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாடு கைத்தொழிலைப் பள்ளியின் நடுவே வைத்தது. ஜாகிர் உசேன் குழு அதற்குப் பாடத்திட்டம் எழுதியது. நம் மாநிலத்திலும் ஆதாரப் பள்ளிகள் எழுந்தன. ஆனால் தமிழர் நினைவில் நின்றது 1953ஆம் ஆண்டுத் திட்டம். கிராமத் தொடக்கப்பள்ளியின் நேரம் மூன்று மணியாகக் குறைந்தது. மீதி நேரத்தில் பிள்ளை அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார் ராஜாஜி. பெரியார் அதைக் குலக்கல்வி என்றார். நாடே கொதித்தது. 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. தேசியக் கல்விக் கொள்கை 2020 வந்தபோது இங்கே அதே சொல் மறுபடி ஒலித்ததில் வியப்பில்லை. அந்த அச்சத்தைப் பழைய அரசியல் என்று ஒதுக்குகிற பாடத்திட்டக்காரர் இந்தத் துறைக்கு நல்லது செய்ய மாட்டார்.

உப்பளத் தொழிலாளியின் மகளை வகுப்பில் எழுப்பி, "நீ வாரிக் காட்டு" என்று சொன்னால் நாம் 1953க்கே திரும்பிவிடுகிறோம். எந்த டிகிரியில் வாரலாம், ஏன் அந்த டிகிரி என்பதை அவளும் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பையனும் ஒரே வகுப்பில், ஒரே மதிப்பெண்ணுக்குப் படிக்க வேண்டும். அப்போதுதான் அது தொழில்நுட்பக் கல்வி. கொள்கை சொல்லும் பத்துப் பையில்லா நாட்களில் தச்சரையும் குயவரையும் போய்ப் பார்த்து வருவது நல்ல சுற்றுலா. அதைப் பாடத்திட்டம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

எட்டாம் வகுப்புக்கு ஒரு பாடத்தைச் சொல்கிறேன். ஓர் உறிஞ்சுகுழல், அடைக்க மெழுகு, எடைக்குச் சைக்கிள் கடைப் பால்ரஸ் குண்டுகள், மிதக்கவிட ஒரு பாட்டில். குழலின் அடியை அடைத்து, அது நிமிர்ந்து மிதக்கும்வரை குண்டு போட வேண்டும். நல்ல தண்ணீரில் மிதக்கவிட்டு நீர்மட்டம் தொடும் இடத்தில் 0 என்று குறிக்கலாம். பிறகு 850 கிராம் தண்ணீரில் 150 கிராம் உப்பைக் கரைத்து அதில் மிதக்கவிட்டால் குழல் மேலே எழும்பும். நீர்மட்டம் தொடும் புதிய இடம் 15. அந்தோன் போமே என்ற பிரெஞ்சு மருந்தியலாளர் 1768இல் இந்த அளவை வகுத்தது இப்படித்தான், நூற்றுக்குப் பதினைந்து உப்பு என்றால் 15 டிகிரி. இரண்டு குறிக்கும் நடுவே பதினைந்து சம பாகம் போட்டு, அதே அளவில் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டு போனால் 25 கிடைத்துவிடும். 15 செ.மீ. மூழ்கும் குழலில் 0க்கும் 15க்கும் இடைவெளி ஒன்றரை செ.மீ. அளவுதான் வரும், டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அளவுகோலின் மிகச் சிறிய கோட்டுக்கு என்ன பயன் என்று பிள்ளை அன்றைக்குத் தெரிந்துகொள்ளும்.

முதல் முயற்சி பெரும்பாலும் தவறும். கல்லுப்பில் ஈரம் இருந்தால் எடை பொய் சொல்லும், வெயிலில் காயவைத்து மறுபடி நிறுக்க வேண்டும். குழல் சாய்ந்தால் குறி பொய்யாகும். எல்லாம் சரியானதும் உப்பைப் போட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தில் கரைவது நின்றுவிடும். நூறு கிராம் கரைசலில் 26 கிராம் அளவுக்கு மேல் உப்பு தங்காது. அளத்தில் 25ஐ ஒட்டி உப்பு ஏன் விழுகிறது என்பதற்கு விடை அந்தப் பாட்டிலின் அடியில் கிடக்கும். பத்தில் ஒரு பங்காக வற்றும் தண்ணீருக்குத் தெப்பம் எவ்வளவு, பாத்தி எவ்வளவு என்று கேட்டால் விகிதக் கணக்கும் அதிலேயே வந்துவிடுகிறது.

இடையஞ்சாவடிப் பக்கத்தில் மண்ணையும் இப்படியே படிக்கலாம். ஆரோவில் புவி நிறுவனம் சுடாத அழுத்தக் கல்லுக்குச் சொல்லும் மண் அளவு: சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 விழுக்காடு. அதில் 5 விழுக்காடு சிமெண்ட் சேர்த்து அழுத்தி, நான்கு வாரம் ஈரம் காக்க வேண்டும். பள்ளி வளாகத்து மண்ணைப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்தால் அடுக்கடுக்காகப் படிந்து தன் அளவை அதுவே சொல்லும். இதே இடையஞ்சாவடியில் உள்ள 'உதவி' என்ற பள்ளியில், ஸ்டெம் லேண்ட் என்ற இடத்தில், கிராமத்துப் பிள்ளைகள் தாங்கள் என்ன கற்பது என்பதைத் தாங்களே திட்டமிட்டு, ஸ்க்ராட்ச் என்ற நிரலாக்க மொழியிலும் மின்னணுக் கருவிகளிலும் வேலை செய்திருக்கிறார்கள். கருவி கணினியா களிமண்ணா என்பது எனக்கு அவ்வளவு பெரிய விஷயமில்லை. முடிவு யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் கவனிக்கிறேன்.

இதையெல்லாம் நடத்தப்போவது யார்? 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் பிரிவுகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தது. வாரம் மூன்று அரை நாள் வேலை. தொகை பின்னால் உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது அவர்களுடைய பீரியட்தான். முழுநேர ஆசிரியரும் அட்டவணையில் கைவைக்க முடியாத இரட்டைப் பீரியடும் இல்லாமல் எவ்வளவு அழகான பாடத்திட்டமும் அச்சோடு நின்றுவிடும். வகுப்புக்கு வந்து டிகிரி பார்த்துக் காட்டும் உப்பளத் தொழிலாளிக்குப் போகிற அன்றைய கூலியும் திட்டத்தின் செலவுக் கணக்கில் இருக்க வேண்டும். சால்வை போர்த்தி அனுப்புவது போதாது.

மதிப்பெண் விஷயத்தில் நமக்குள்ளேயே ஒரு தவறு இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் செய்து கொடுத்த தெர்மாகோல் மாதிரிக்குப் பத்துக்குப் பத்து போடுகிறோம். கோணலாக மிதக்கும் குழலுக்கு நான்கு. பொருளை மேசையிலிருந்து எடுத்துவிட்டு நோட்டைப் பாருங்கள். என்ன நடக்கும் என்று பிள்ளை நினைத்தது, அளந்தபோது என்ன வந்தது, வித்தியாசம் ஏன், அடுத்த முறை எதை மாற்றியது. மதிப்பெண் அந்த நான்கு வரிக்குப் போகட்டும்.

மழை ஓய்ந்து அளங்களில் பாத்தி திருத்தும் நாட்களில் உங்கள் வகுப்பிலும் இந்தப் பாடத்தை நடத்திப் பாருங்கள். பிள்ளைகளின் நோட்டுப் பக்கங்களை எங்களுக்கு அனுப்புங்கள், வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். 0 விழுந்த இடம், 15 விழுந்த இடம், முதல் முறை எங்கே தவறியது என்பது, மூன்றும் பிள்ளையின் கையெழுத்திலேயே இருக்கட்டும். திருத்தி எழுதி அனுப்ப வேண்டாம்.