பன்னிரண்டு படங்கள் போதும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் இயற்பியல் மாணவன்)

"செல்போனில் ஒரு நிமிடத்தில் நூறு படம் எடுக்கலாம். நீ ஏனப்பா இந்தப் பழைய பெட்டியைச் சுமந்துகொண்டு அலைகிறாய்?" என்று நண்பர்கள் என்னைக் கேட்காத நாள் இல்லை. அந்தக் கேள்வியில் பாதி கேலி, பாதி நியாயம். கேலிக்குச் சிரித்துவிடலாம். நியாயத்துக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும்? அதற்காகவே இக்கட்டுரை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் ஸ்டூடியோ ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட் படங்களை வெட்டுவதும், பெரிய படங்களுக்குச் சட்டம் போடுவதும் என் பணி. சென்ற ஆண்டு பீரோவைச் சுத்தம் செய்தபோது, ஸ்டூடியோ அண்ணாச்சி தோல் உறையோடு ஒரு காமிராவை எடுத்து, "சும்மாதானே கிடக்கு, நீ வச்சுப் பழகு" என்று என் கையில் தந்தார். யாஷிகா மேட் 124 ஜி. 1970 முதல் 1986 வரை ஜப்பானில் தயாரான காமிரா அது. அதற்கு மேலும் கீழுமாக இரண்டு கண்கள். மேற்கண் நாம் பார்ப்பதற்கு. கீழ்க்கண் படம் பிடிப்பதற்கு. நெஞ்சளவில் பிடித்துக்கொண்டு, குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடித் திரையில் காட்சி இடவலமாக மாறித் தெரியும். இடப்பக்கம் போகும் பேருந்து திரையில் வலப்பக்கம் போகும்! எதிரே நிற்பவரின் முன் தலை குனிந்து படமெடுக்கும் அந்தப் பணிவே எனக்கு முதலில் பிடித்துப்போயிற்று.

இதில் போடுவது 120 என்னும் சுருள். கோடக் நிறுவனம் 1901-இல் கொண்டுவந்த அளவு இது, இன்றும் கிடைக்கிறது. சிறு காமிராக்களின் 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படத்தின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். இதிலோ 56-க்கு 56, அதாவது 3136. மூன்றரை மடங்குக்கும் மேல்! பெரிதாக்கினாலும் முகத்தின் நுட்பம் கலையாததற்கு இதுவே காரணம். ஆனால் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். பதின்மூன்றாவது கிடையாது.

இந்தப் பன்னிரண்டில்தான் இன்பம் இருக்கிறது என்பேன். வெளிச்சம் அளக்க இந்தக் காமிராவில் கருவி உண்டு. அதற்குரிய பாதரச பாட்டரி இன்று விற்பனையில் இல்லை. ஆகவே வெயிலையும் நிழலையும் கண்ணால் பார்த்தே கணக்கிடுகிறேன். ஐ.எஸ்.ஓ. 100 பிலிமுக்குச் சுள்ளென்ற வெயிலில் எஃப் 16, ஒரு நொடியில் 125-இல் ஒரு பங்கு. திண்ணை நிழலென்றால் மூன்று படி திறக்க வேண்டும். வகுப்பில் ஒளியியலை மதிப்பெண்ணுக்காகப் படித்தவன், திண்ணையில் அதைத் தேவைக்காகப் படித்தேன்.

படத்தைக் கழுவுவது மற்றோர் இன்பம். ஒளி பட்ட சில்வர் ஹாலைடு படிகங்களை டெவலப்பர் வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி படாதவற்றை ஹைப்போ கரைத்து நீக்குகிறது. ஹைப்போ என்பது வேறொன்றுமில்லை நண்பர்களே! அயோடின் டைட்ரேஷனுக்காக நாம் பியூரெட்டில் நிரப்புகிறோமே, அதே சோடியம் தயோசல்பேட்தான். வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டறிந்தார். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்கவேண்டும் என்கிறார்கள். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரோ பகலில் கொதிக்கிறது! ஐஸ்கட்டி வாங்கிவந்து தட்டில் போட்டு, அதன் நடுவே புட்டியை வைத்துக் காத்திருப்பேன்.

"இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு" என்றார் ஒரு நண்பர். அந்தச் சொல் என்னைச் சுட்டது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு சுருளின் விலை என் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூலி. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்தது. இன்று அந்த ஆலை ஓடவில்லை. எனக்குக் கிடைக்கும் பிலிம் கடல்கடந்து வருவது. அதனால் விலையும் அதிகம்.

முதல் சுருளிலேயே, முழுதும் சுற்றி முடிக்குமுன் பின்கதவைத் திறந்துவிட்டேன். பாதிக்கு மேல் பாழ். குற்ற உணர்வோடு தாயாரிடம் சொன்னேன். அவர் தீப்பெட்டி ஆபீசில் குரோஸ் கணக்கில் கூலி வாங்குபவர். திட்டுவார் என்று நின்ற என்னிடம், "ஒரு சுருளுக்கு எத்தனை படம்?" என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். "ஒரு டஜன். எண்ணி எடுத்தா வீணாகாதுலே" என்றார். அவ்வளவுதான்.

அன்று எனக்கு ஒன்று விளங்கியது. எண்ணிச் செலவழிப்பது எங்கள் வீட்டுக்குப் புதிதன்று. பன்னிரண்டைப் பன்னிரண்டாக மதிக்கத் தெரிந்தவர்கள் நாங்களே. அப்படியிருக்க இந்த இன்பம் பணக்காரருக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்? அமெரிக்காவின் சிகாகோ நகரில் விவியன் மேயர் (1926–2009) என்ற பெண்மணி, பிறர் வீட்டுப் பிள்ளைகளை வளர்க்கும் வேலை செய்துகொண்டே, இதே போன்ற இரட்டைக்கண் ரோலிபிளெக்ஸ் காமிராவால் தெருவைப் படமெடுத்தார். அவர் எடுத்தவை ஒரு லட்சத்துக்கும் மேல். பல சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன. 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்த பிறகே உலகம் அவரை அறிந்தது.

என் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த நாளில் எடுத்த படங்கள் செல்போனோடு போய்விட்டன. ஆனால் நான் பிறக்கும் முன்பே இறந்துபோன என் பாட்டியை அண்ணாச்சி இதே காமிராவால் எடுத்த நெகட்டிவ், எண்ணிட்ட உறைக்குள் அப்படியே இருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். காதில் பாம்படம் தொங்க, பாட்டி நிமிர்ந்து நிற்கிறார். நெகட்டிவுக்கும் ஈரமும் பூசணமும் எமன்தான், மறுக்கவில்லை. ஆயினும் காப்பவர் இருந்தால் அது காத்திருக்கிறது.

செல்போனைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. கரும்பலகைக் குறிப்பை நானும் அதில்தான் எடுக்கிறேன். நான் கேட்பது ஒன்றே. நம் வேதியியல் ஆய்வகத்தில் ஹைப்போ இருக்கிறது. இயற்பியல் ஆய்வகத்தில் இருட்டறை இருக்கிறது. ஊரில் பல ஸ்டூடியோக்களின் பீரோக்களில் காமிராக்கள் தூங்குகின்றன. பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால், மாதம் ஒரு சுருள், பன்னிரண்டு மாணவர், ஆளுக்கு ஒரு படம் என்று ஒரு மன்றம் தொடங்கலாம். செலவைப் பன்னிரண்டாகப் பிரித்தால் எந்த ஏழைக்கும் பாரமில்லை.

ஒரே ஒரு படம்தான் என்று தெரிந்தவன், யாரை எடுப்பது என்று ஒரு மாதம் யோசிப்பான். நான் யோசித்தேன். இரண்டாம் சுருளின் முதல் படத்தில் என் தாயார் இருக்கிறார்.