இரண்டாவது பலகை: இரண்டுக்கும் ஒன்றா, ஒன்றுக்கு ஒன்றா?

முதல் பேடில்போர்டு வாங்குவதில் பெரிய குழப்பம் ஒன்றும் கிடையாது. 10 அடி 6 அங்குல நீளம், 32 அங்குல அகலம், காற்றடிக்கும் வகை, பெயர் 'ஆல்ரவுண்டர்'. எந்தக் கடைக்குப் போனாலும் கிட்டத்தட்ட இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். வாங்குபவரும் வாங்கிவிடுவார். அதில் தப்பும் இல்லை. விழாமல் நிற்கப் பழகுவதற்கு அகலமான பலகைதான் சரி. தலைவலி ஆரம்பிப்பது ஒரு வருடம் கழித்து, இரண்டாவது பலகை வாங்கக் கிளம்பும்போதுதான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: பலகை மேல் நின்றுகொண்டு, ஆள் உயரத்துக்கும் அதிகமான துடுப்பால் தள்ளிக்கொண்டு போகும் விளையாட்டு இது. ஸ்டாண்ட்-அப் பேடில், சுருக்கமாக 'சப்'. சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது, ஒரு சங்கடமும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கோவளத்தில் அலை. அதற்குச் சற்று முன்னால் முட்டுக்காட்டில் அமைதியான உப்பங்கழி. இரண்டும் சில கிலோமீட்டர் இடைவெளியில். ஒரு வருடம் துடுப்பு போட்டவருக்கு இரண்டின் மேலும் ஆசை வந்துவிடும். உடனே, "அலைக்கும் ஆகணும், அமைதியான தண்ணிக்கும் ஆகணும், அப்படி ஒரு நல்ல பலகை எது?" என்ற கேள்வி பிறக்கும்.

இந்தக் கேள்வியே தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

ஏனென்றால் இவை ஒரே விளையாட்டின் இரண்டு இடங்கள் அல்ல. பெயர் ஒன்றாக இருக்கிற இரண்டு விளையாட்டுகள். ஹவாயின் வைக்கிக்கி கடற்கரையில் அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்தவர்கள், மாணவர்கள் மேல் ஒரு கண் வைக்கவும் படம் எடுக்கவும் பெரிய பலகையில் நின்று படகுத் துடுப்பால் போய்வந்தார்கள். அங்கிருந்து கிளம்பியதுதான் இது. 2000-களின் தொடக்கத்தில் லெய்ர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற ஹவாய் அலைச்சறுக்கு வீரர்கள் இதை உலகம் முழுக்கப் பிரபலமாக்கினார்கள். பிறகு அலையே இல்லாத ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் பரவியது. கடைசியில் இது யாருக்குச் சொந்தம் என்று சர்வதேச அலைச்சறுக்குச் சங்கமும் சர்வதேசத் துடுப்புப் படகுச் சம்மேளனமும் வழக்காடும் அளவுக்குப் போய்விட்டது. 2020 ஆகஸ்டில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம், ஒலிம்பிக் அளவில் இதை நிர்வகிக்கும் உரிமை அலைச்சறுக்குச் சங்கத்துக்கே என்று தீர்ப்புச் சொன்னது. வழக்கில் ஜெயித்த அந்தச் சங்கமே உலகப் போட்டிகளில் சப் அலைச்சறுக்கைத் தனியாகவும், சப் பந்தயத்தைத் தனியாகவும்தான் நடத்துகிறது. இரண்டுக்கும் பலகைகள் வேறு வேறு. உலக சாம்பியன்களுக்கே ஒரு பலகை போதவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவருக்கு எப்படிப் போதும்?

காரணம் தண்ணீரில் இருக்கிறது. ஒகேனக்கல் பரிசலையும் ஆலப்புழை பாம்புப் படகையும் நினைத்துப் பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். பரிசல் வட்டம். ஒரு தள்ளு தள்ளினால் நின்ற இடத்திலேயே சுற்றும், ஆனால் நேராகப் போக வைப்பதற்குள் பரிசல்காரருக்குத் தோள் கழன்றுவிடும். பாம்புப் படகு 100 அடிக்கும் மேல் நீளம். அம்பு மாதிரி நேராகப் போகும், திருப்புவதுதான் பெரும்பாடு. பலகைகளிலும் இதே கதைதான்.

அமைதியான தண்ணீரில் வேகத்தைத் தருவது நீளம். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் எந்த உடலும் தனக்கு முன்னும் பின்னும் ஓர் அலையை எழுப்பும். அந்த அலையைத் தாண்டி வேகம் எடுக்க நினைத்தால் உழைப்பு கன்னாபின்னாவென்று ஏறும். படகுக்காரர்கள் இதற்கு ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: தண்ணீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 9 அடிக்கு 4 நாட், அதாவது மணிக்கு சுமார் 7.4 கி.மீ. 12 அடி 6 அங்குலத்துக்கு சுமார் 8.8 கி.மீ. 14 அடிக்கு சுமார் 9.3 கி.மீ. இது கல்லில் எழுதிய விதி கிடையாது. ஒல்லியான, லேசான பலகைகள் கொஞ்சம் தாண்டவும் செய்யும். ஆனாலும் திசை மாறாது: நீளம் கூடினால் அதே வியர்வைக்கு அதிக தூரம். கூடவே மூக்கு படகு மாதிரி கூர்மையாக இருந்து தண்ணீரைக் கிழிக்க வேண்டும், அடிப்பாகம் வளைவில்லாமல் நேராக இருக்க வேண்டும், பின்னால் ஒரே ஒரு பெரிய ஃபின் இருந்தால் திசை நிலைக்கும்.

அலைக்கு வந்தால் இது அத்தனையும் தலைகீழ். சரிந்து இறங்கும் அலையில் நேரான மூக்கு தண்ணீருக்குள் குத்திக்கொண்டு, ஆளைத் தூக்கி முன்னால் எறிந்துவிடும். அதனால் மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். இந்த வளைவுக்கு 'ராக்கர்' என்று பெயர். சோழமண்டலக் கரையின் கட்டுமரத்துக்கு முன்பக்கம் நிமிர்ந்திருப்பதும் அலையைத் தாண்டுவதற்குத்தான். அலையில் வேகம் தருவது அலையே. பலகையின் வேலை திரும்புவது. அதனால் நீளம் 8, 9 அடிக்கு இறங்கும், ஃபின் மூன்றாகவோ நான்காகவோ பிரியும், ஓரங்கள் மெலியும்.

ஆக, ஒன்றுக்கு வேண்டியது இன்னொன்றுக்கு வேண்டாதது. வளைவைக் கூட்டினால் உப்பங்கழியில் பலகை தண்ணீரை உழுதுகொண்டு போகும். குறைத்தால் அலையில் குத்தும். நடுவில் நிறுத்தினால்?

நடுவில் நிறுத்திய பலகைகளும் இருக்கின்றன. 10 அடி நீளம், 29, 30 அங்குல அகலம், மெல்லிய வளைவு, லாங்போர்டு பாணி. "சின்ன அலையில் அழகாகப் போகும், உப்பங்கழியிலும் சமாளிக்கும், ஒரே செலவு" என்பது இதற்காக வாதாடுகிறவர்களின் கட்சி. நியாயமான கட்சிதான். வீட்டில் பலகையே இல்லாதவர், வாழ்நாளில் ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளப் போகிறவர் என்றால் இதைவிட நல்ல யோசனை கிடையாது. முதல் பலகை உடைந்தோ கிழிந்தோ போய், அதன் இடத்துக்கு ஒன்று வாங்குகிறவருக்கும் இது பொருந்தும்.

ஆனால் இங்கே பேசுவது இரண்டாவது பலகையைப் பற்றி. நடுவாந்தரமான ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது! பி.காம். முதல் வருடத்தில் இறுதிநிலைப் பயன்பாடு என்று ஒரு பாடம் வரும். முதல் இட்லி தரும் திருப்தியை ஐந்தாவது இட்லி தராது. பேடில்போர்டில் இது இன்னும் மோசம், இரண்டாவதிலேயே திருப்தி விழுந்துவிடும். முதல் பலகை 100-க்கு 50 மார்க் வாங்குகிற இரண்டு வேலைகளிலும் 60 வாங்குகிற பலகைக்காக இன்னொரு முழு விலை கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்? அதே பணத்துக்கு ஒரு வேலையில் 90 வாங்கும் பலகை கிடைக்கும். மற்ற வேலைக்குப் பழைய 50 மார்க் பலகை இருக்கவே இருக்கிறது. இரண்டு பலகைகளும் சேர்ந்து எத்தனை மார்க் என்றுதான் பார்க்க வேண்டும்.

சரி, எந்த வேலைக்கு 90? இதற்குப் பதில் கடையில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. கடந்த ஒரு வருடத்தில் தண்ணீரில் இறங்கிய நாட்களை ஒரு தாளில் எழுதி, எத்தனை நாள் அலை, எத்தனை நாள் அமைதி என்று பிரித்தால் போதும். பெரும்பாலோருக்குக் கிடைக்கும் எண்ணிக்கை அவர்களுக்கே அதிர்ச்சியாக இருக்கும். பேச்சு முழுக்க அலையைப் பற்றி, துடுப்பு போட்டதெல்லாம் உப்பங்கழியில்!

சென்னைக் கரையில் இன்னொரு விஷயத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோடையில் மதியத்தை ஒட்டிக் கடற்காற்று கிளம்பிவிடும். அது அலையையும் கலைக்கும், உப்பங்கழியையும் சலசலக்க வைக்கும். அலைக்கும் காலைதான் நல்ல நேரம், அமைதியான தண்ணீருக்கும் அதே காலைதான். கோவளத்தில் செலவான காலை முட்டுக்காட்டுக்குக் கிடையாது. "காலையில் அலை, அப்புறம் அப்படியே உப்பங்கழி" என்ற கற்பனையை நம்பி இரண்டுக்கும் ஒரே பலகை தேடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரு காலைக்கு ஒரு தண்ணீர்தான் என்றால், அன்றைக்குப் பொருத்தமான பலகையை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்புவதில் என்ன கஷ்டம்?

தாளில் அமைதி ஜெயித்தால் 12 அடி 6 அங்குலம் அளவில் ஒரு டூரிங் பலகை. இதில் காற்றடிக்கும் வகையே போதும். மாடி வீட்டில் 12 அடி கெட்டிப் பலகையை ஏற்றி இறக்குவதும், சின்ன கார் கூரையில் கட்டிக்கொண்டு ஈ.சி.ஆரில் போவதும் சாதாரணக் காரியம் இல்லை. சுருட்டிப் பையில் போட முடியாத பலகை நாளாக நாளாக வீட்டை விட்டே கிளம்பாது. அலை ஜெயித்தால் 9 அடி அளவில் கெட்டிப் பலகை. இங்கே காற்றடிக்கும் வகை வேண்டாம். அதன் 6 அங்குலத் தடிமன் ஓரங்கள் அலையின் சரிவைப் பிடிக்காமல் வழுக்கும்.

அலைப் பலகையில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. வீடியோவில் வரும் வீரர்களின் பலகையைப் பார்த்து, மிகச் சின்னதாக வாங்குவது. இதற்கும் கணக்கு சுலபம். 1 லிட்டர் கொள்ளளவு தோராயமாக 1 கிலோவை மிதக்க வைக்கும். ஆள் 70 கிலோ, பலகை 8 கிலோ, துடுப்போடு சேர்த்தால் 79. இவர் 75 லிட்டர் பலகையில் ஏறி நின்றால் அது தண்ணீருக்குள் இறங்கிவிடும். வேகத்தில் இருக்கும்போதுதான் தூக்கும். கைதேர்ந்தவர்களுக்கு அது சரி. ஒரு வருட அனுபவக்காரருக்கு, எடையைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 105 லிட்டர் அளவு நியாயமானது. ஐந்து வருடம் கழித்து ஆகப்போகிற ஆளுக்காக இன்றைக்கே பலகை வாங்கினால், அந்த ஐந்து வருடமும் அது பரண்மேல்தான் இருக்கும்.

பணம் மட்டும் போனால் பரவாயில்லை. அலையில் கட்டுப்பாடு இழந்த பெரிய பலகை பக்கத்தில் இருப்பவர் மண்டையை உடைத்துவிடும். கோவளத்து அலையில் நீச்சல் பழகும் பொடியன்களும் இருப்பார்கள். 12 அடி டூரிங் பலகையை "இன்று ஒருநாள்" என்று அந்தக் கூட்டத்தில் இறக்குகிறவர், தன் பணத்தை மிச்சம் பிடித்து அடுத்தவர் தலையைப் பணயம் வைக்கிறார். காலோடு பலகையைக் கட்டும் கயிறும் இப்படித்தான். அலைக்குக் கணுக்காலில் கட்டும் நேர்க்கயிறு சரி. ஆனால் மழைக்காலத்தில் முட்டுக்காட்டு முகத்துவாரம் உடைத்துக்கொண்டு தண்ணீர் கடலுக்கு ஓடும்போது, பாலத்தூணிலோ வலையிலோ அந்தக் கயிறு சிக்கினால் கணுக்காலைக் குனிந்து அவிழ்க்க முடியாது. ஓடும் தண்ணீருக்கு இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழன்றுகொள்ளும் வகை வேண்டும். அந்த மாதிரி நாளில் இறங்காமல் இருப்பது அதைவிட நல்லது. "இரண்டுக்கும் ஒன்று" என்ற சோம்பல் கயிறு வரைக்கும் வந்தால் ஆபத்து.

கடைசியாக, கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று. இரண்டாவது பலகைக்கு முன்னால் இரண்டாவது ஃபின் வாங்கிப் பார்க்கலாம். பழைய பலகையில் 9 அங்குல ஒற்றை ஃபின்னை மாட்டினாலே அது முன்னைவிட நேராகப் போகும். நீளம் மாற்றக்கூடிய துடுப்பு ஒன்று இருந்தால், அலைக்கு உயரத்தைவிட 15 செ.மீ. கூடுதலாகவும், அமைதியான தண்ணீருக்கு 20 முதல் 25 செ.மீ. கூடுதலாகவும் வைத்துக்கொள்ளலாம். பலகை விலையோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சில்லறை. இதையும் செய்து, வாடகைக்கு இரண்டு வகைப் பலகையிலும் நாலு காலை போய்வந்து, அதற்குப் பிறகும் ஆசை அடங்கவில்லையென்றால் தாராளமாக வாங்கலாம். அப்போது எது வேண்டும் என்று யாரையும் கேட்கத் தேவை இருக்காது.

பழைய ஆல்ரவுண்டரை மட்டும் விற்றுவிடக் கூடாது. விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது. "எனக்கும் ஒரு தடவை கத்துக்கொடுடா" என்று நண்பன் கேட்கும் நாளில், அவனை ஏற்றி நிறுத்துவதற்கு அதைவிட நல்ல பலகை இருக்காது.