மருந்து இருந்தால் போதுமா?

நம் ஆவுடையார்கோவில் பக்கத்தில் அந்தக் காலத்தில் ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். இன்று அதில் ஒரு வகைக்கு, நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியாவுக்கு, தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறவர்கள் பலர். இது எப்படி முடிந்தது என்று நம் வயதுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் செல்களில் கைனேஸ் என்ற புரதங்கள் 500க்கும் மேற்பட்ட வகைகளில் இருக்கின்றன. ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தில் ஒட்டுவதே அவற்றின் வேலை. செல்லுக்கு அதுதான் உத்தரவு. இந்த நோயில் 9, 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் கோளாறான ஒரு கைனேஸ் உண்டாகி, "பெருகு, பெருகு" என்று ஓயாமல் உத்தரவு போடுகிறது. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன.

அந்தக் கைனேஸில் ஏடிபி வந்து உட்கார ஒரு குழி உண்டு. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் மாத்திரை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அறந்தாங்கி பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிறோமே, அதேதான். துண்டை எடுத்தால் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் நாள் தவறாமல் மாத்திரை போட வேண்டியிருக்கிறது.

இங்கேதான் விலை உயிர்ப் பிரச்சினையாகிறது. 2013 வாக்கில் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. அப்போது இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை 8,000 முதல் 10,000 ரூபாயாக இருந்தது. என் மூன்று மாதப் பென்ஷனைச் சேர்த்தாலும் முதலாவதில் ஒரு மாதம் ஓட்டியிருக்க முடியாது.

அந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்டது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. தெரிந்த மருந்தின் புது வடிவம் கூடுதலாகக் குணப்படுத்தினால்தான் காப்புரிமை என்கிறது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்ற வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது.

ஏழை நோயாளிகள் பலருக்கு இலவசமாகவே கொடுத்தோம் என்றது கம்பெனி. கொடுத்தது உண்மைதான், நன்றி சொல்லலாம். ஆனால் கொடுக்கிறவர் கையை எதிர்பார்த்து நிற்பது வேறு, கடையில் காசு கொடுத்து வாங்குவது வேறு. ஆராய்ச்சிக்குச் செலவாகாதா என்றும் கேட்பார்கள். ஆகும். புதுக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கொடுப்பதை இந்தப் பிரிவு தடுக்கவில்லை. பழையதற்குப் புதுச் சட்டை மாட்டி இன்னும் இருபது வருஷம் கேட்பதைத்தான் தடுக்கிறது.

இமாட்டினிப்புக்குப் பிறகு நுரையீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்கும் கைனேஸை அடக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. ஆகவே 3(டி) பிரிவைத் தளர்த்தச் சொல்லி வெளியிலிருந்து யார் நெருக்கினாலும் நம் அரசு இணங்கக் கூடாது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடு, தண்ணீரோடு இதையும் கேளுங்கள். நம் பேரப்பிள்ளைகளுக்குத் தேவைப்படும்.