டிரெய்லரின் பின்விளக்கும் ஏழுமுனைச் சாக்கெட்டும்

அறுவடைக் காலத்திலும் கரும்பு அரவைப் பருவத்திலும் டிராக்டர்கள் இரவு பகல் என்ற பேதமின்றிப் பாதைகளில் ஓடுகின்றன. நெல் மூட்டையும் வைக்கோலும் கரும்பும் ஏற்றிய டிரெய்லர்களுள் பல, பின்புறம் ஒரு விளக்கும் இன்றிச் செல்வதைத் தமிழ்நாட்டுச் சாலைகளில் காணலாம். முன்விளக்குகள் நன்கு எரிவதால் ஓட்டுபவருக்குப் பாதை தெரிகிறது. ஆதலால் குறை யாதும் இல்லை என்று அவர் எண்ணுகிறார். ஆனால் டிராக்டரின் சொந்தப் பின்விளக்குகளை டிரெய்லரும் சுமையும் முற்றிலும் மறைத்து விடுகின்றன. பின்னால் வருபவருக்கு அவ்வண்டி இருளில் நகரும் ஒரு சுவரே ஆகும்.

இதன் அபாயத்தைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தில் கண் கூசி, விளக்கற்ற டிரெய்லரை அதன் ஓட்டுநர் 30 மீட்டர் தூரத்தில்தான் காண்கிறார் என்று கொள்க. டிரெய்லர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அவருக்குக் கிடைக்கும் அவகாசம் மூன்று வினாடிக்கும் குறைவு. அது பாதையோரம் நின்று கொண்டிருந்தால் இரண்டு வினாடிக்கும் குறைவு. மார்கழி, தை மாதங்களில் ஆறு மணிக்கெல்லாம் இருள் சூழ்கிறது. விடியற்காலையில் பனிமூட்டமும் சேருகிறது. அறுவடையும் அரவையும் மிகுந்து நடப்பதும் அக்காலத்திலேயே என்பது கவனிக்கத்தக்கது. மோதி வீழ்பவரும் பெரும்பாலும் வேற்றூரார் அல்லர். சந்தைக்கோ ஆலை வேலைக்கோ சென்று திரும்பும் அக்கம்பக்கத்துக் குடும்பத்தவரே.

சட்டமும் இதனைப் புறக்கணிக்கவில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிராக்டரும் மோட்டார் வாகனமே. அதனால் இழுக்கப்படும் டிரெய்லரும் அச்சட்டத்துக்கு உட்பட்டதே. விளக்குகளையும் பிரதிபலிப்பான்களையும் பற்றி 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. எனினும் அபராதத்திற்கு அஞ்சி இடப்படும் விளக்கு, சோதனை முடிந்த மறுநாளே அணைந்து விடும். நிலையாக எரிய வேண்டுமாயின் இணைப்பு ஒழுங்காக அமைய வேண்டும். இங்கே கூற வந்தது அதுவே.

தற்போதைய வழக்கம் யாதெனில், டிராக்டரின் பின்விளக்குக் கம்பியைச் சீவி, டிரெய்லரிலிருந்து வரும் கம்பியை அதனோடு முறுக்கி, மேலே நாடாவைச் சுற்றி விடுவதாகும். முதல் வளைவிலேயே அது இழுபட்டு அறுகிறது, மழையில் துருப்பிடிக்கிறது, சில சமயங்களில் இரும்புச் சட்டத்தில் உராய்ந்து பொறி பறக்கவும் செய்கிறது. வைக்கோல் ஏற்றிய வண்டியில் பொறி பறப்பதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. மேலும், கிராமங்களில் டிராக்டர் ஒருவருடையதும் டிரெய்லர் மற்றொருவருடையதுமாக இருப்பது உண்டு. இன்று ஒரு டிராக்டரும் நாளை வேறொன்றும் வாடகைக்கு வந்து அதே டிரெய்லரை இழுக்கின்றன. ஒவ்வொரு முறையும் கம்பியை அவிழ்த்து முறுக்க எவருக்கும் பொழுதில்லை. ஆகவே, எந்த டிராக்டருக்கும் எந்த டிரெய்லருக்கும் பொருந்தக்கூடிய பொதுவான முறை ஒன்றே இதற்குப் பரிகாரமாகும்.

கம்பிகளின் முறை

அத்தகைய பொதுமுறை ஒன்று ஏற்கெனவே சர்வதேச அளவில் வகுக்கப்பட்டுள்ளது. 12 வோல்ட் வண்டிகளுக்கான ஏழுமுனைச் சாக்கெட்டில் முனைகளின் வரிசை வருமாறு: 1, மஞ்சள், இடது சமிக்ஞை விளக்கு, 2, நீலம், பனிமூட்ட விளக்கு, 3, வெள்ளை, எர்த்து, 4, பச்சை, வலது சமிக்ஞை விளக்கு, 5, பழுப்பு, வலது பின்விளக்கு, 6, சிவப்பு, பிரேக் விளக்கு, 7, கறுப்பு, இடது பின்விளக்கு. பனிமூட்ட விளக்கு இல்லாத வண்டியில் இரண்டாம் முனையை வெறுமையாக விட்டு விடலாம். இடது, வலது பின்விளக்குகளுக்குத் தனித்தனி முனைகள் அமைந்திருப்பதால், தனித்தனி பியூஸ் வைத்த வண்டியில் ஒரு பக்கம் பழுதுற்றாலும் மறுபக்கம் எரியும். கடைகளில் விற்கும் கம்பிக் கட்டுகளின் நிறங்கள் எப்போதும் இவ்வாறே இருப்பதில்லை. ஆதலால் நிறத்தை நம்பாமல் முனையின் எண்ணையே நம்ப வேண்டும்.

இவற்றுள் மிகவும் அலட்சியம் செய்யப்படுவது மூன்றாம் முனையாகிய எர்த்துக் கம்பி. இணைப்பு ஊசியும் இழுவைச் சட்டமும் இரும்பாயிற்றே, மின்சாரம் அவ்வழியே திரும்பாதா என்று பலர் வினவுவர். ஊசியில் கிரீசும் துருவும் படிந்திருக்கும்; வண்டி குலுங்குந்தோறும் தொடர்பு விட்டு விட்டு ஏற்படும். எர்த்துத் தொடர்பு அறுந்தால் மின்சாரம் வேறு விளக்குகளின் வழியே திரும்ப முயல்கிறது. அப்போது பிரேக்கை மிதித்தவுடன் பின்விளக்கு அணையும். இடப்புறச் சமிக்ஞையைப் போட்டால் வலப்புற விளக்கும் மங்கலாக மினுக்கும். இக்குறிகளைக் கண்டால் பல்பை மாற்றுவதில் பயனில்லை. வெள்ளைக் கம்பியையே பார்க்க வேண்டும்.

கம்பியின் கனமும் கவனிக்கத்தக்கதே. பிரேக் விளக்குகள் இரண்டும் 21 வாட் வீதம் எரியும்போது மூன்றரை ஆம்பியர் மின்சாரம் செல்கிறது. அரைச் சதுர மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய செம்புக் கம்பி 10 மீட்டர் நீளம் ஓடினால், அதிலேயே ஏறக்குறைய 1.2 வோல்ட் வீணாகிறது. அது பத்தில் ஒரு பங்கேயாயினும், இழைப் பல்பில் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்து விடும். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் நஷ்டம் 0.4 வோல்ட் அளவே. பின்விளக்கு, பிரேக், ஒரு சமிக்ஞை ஆகிய அனைத்தும் ஒருசேர எரியும்போது 6 ஆம்பியர் வரை எர்த்துக் கம்பி ஒன்றன் வழியாகவே திரும்புவதால், அதனை மற்றவற்றினும் கனமுள்ளதாக இடுதல் நலம்.

வேலையைத் தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றி விட வேண்டும். புதிய கம்பிக்குத் தக்க பியூஸ் இன்றியமையாதது. டிரெய்லரின் சமிக்ஞைப் பல்புகள் சேர்ந்தால் பழைய பிளாஷர் வேகம் மாறிக் கெடக்கூடும், எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினாலும் அதற்கேற்ற எலெக்ட்ரானிக் பிளாஷர் வேண்டும். எல்.இ.டி. மிகக் குறைந்த மின்சாரத்தில் எரிவதும், குலுக்கத்தைத் தாங்குவதும் அதன் அநுகூலங்கள். மின்சாரம் வரும் பக்கமாகிய டிராக்டரில் மூடியுள்ள சாக்கெட்டையும், டிரெய்லரில் பிளக்கையும் அமைக்க வேண்டும். சேற்றுழவு செய்யும் டிராக்டரில் மூடி திறந்து கிடந்தால் சாக்கெட்டு ஒரே நாளில் சேறடைந்து போகும். தொங்கும் கம்பி முழு வளைவுக்கும் இடங்கொடுக்கும் நீளமுடையதாகவும், அதே சமயம் தரையில் உராயாததாகவும் இருத்தல் வேண்டும். விளக்குகளைக் கரும்புத் தோகை மறைக்காதவாறு சட்டத்தின் வெளிமுனையில், இரும்புக் கூண்டு இட்டுப் பொருத்துவது உசிதம்.

பரீட்சை செய்வதும் எளிதே. ஒருவர் ஆசனத்தில் அமர, மற்றொருவர் பின்னே நின்று, முதலில் பின்விளக்கு, அடுத்து இடது, வலது சமிக்ஞைகள், பின்னர் பிரேக், கடைசியில் இவை யாவும் ஒருசேர என்று பார்க்க வேண்டும். தனித்தனியே சரியாக எரிந்தும் ஒருசேர எரிகையில் தடுமாறினால், எர்த்து பழுது என்று பெரும்பாலும் தெளியலாம். இதற்குப் பிடிப்பது ஐந்து நிமிஷம்.

ஆட்சேபங்களும் பொறுப்பும்

சிவப்புப் பிரதிபலிப்புத் தாள் ஒட்டினால் போதாதா என்பது முதல் ஆட்சேபம். அத்தாள் அவசியமே, ஆயினும் தன்மேல் விழும் வெளிச்சத்தை மட்டுமே அது திருப்பித் தரும். சேறு படிந்தால் அதுவும் இல்லை. வண்டி நிற்கப் போகிறதா, வயலுக்குள் திரும்பப் போகிறதா என்பதை அது அறிவிக்க மாட்டாது. தம் டிரெய்லர் சொந்த வயலுக்குத்தானே செல்கிறது என்பது இரண்டாம் ஆட்சேபம். வயலுக்குச் செல்லும் பாதை பெரும்பாலும் ஊராரின் பாதையே. எலி கடித்து விடும், கூலியாட்கள் அறுத்து விடுவர் என்பது மூன்றாவது. அது கம்பியைக் குழாய்க்குள் செலுத்திக் காக்க வேண்டும் என்பதற்குக் காரணமாகுமேயன்றி, கம்பியே வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது.

செலவை யார் ஏற்பது என்னும் தகராறுக்கும் இடமில்லை. சாக்கெட்டு டிராக்டர் உடையவரைச் சார்ந்தது. விளக்கும் பிளக்கும் டிரெய்லர் உடையவரைச் சார்ந்தவை. டிராக்டரின் விலையோடு ஒப்பிட்டால் இரண்டுமே அற்பம். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் பருவத் தொடக்கத்தில் ஒரு நாளைக் குறித்து, ஊரிலுள்ள டிரெய்லர்களை ஓரிடத்தில் வரவழைத்து, மின்வேலை அறிந்த ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்யலாம். சர்க்கரை ஆலையாரும் எடைமேடையில் எடையைப் பார்ப்பதுபோலவே பின்விளக்கையும் பார்த்து, எரியாத வண்டியை இருட்டியபின் வெளியே விடாதிருக்கலாம். அவ்வாறு ஏற்படும் ஒரு மணி நேரத் தாமதத்தை விவசாயிகள் நஷ்டமாகக் கருத வேண்டியதில்லை. விளைச்சல் வீடு வந்து சேர்வது எவ்வளவு முக்கியமோ, அதே பாதையில் பின்னால் வருபவர் தம் வீடு போய்ச் சேர்வதும் அவ்வளவு முக்கியமே.