கொடுப்பதிலும் அறிவு வேண்டாமா?



நமது நாட்டில் "தர்மம்" என்கின்ற பேரால் நடக்கின்ற காரியங்களுக்குக் குறைவே இல்லை. அமாவாசைக்குத் தர்மம், கிரகணத்துக்குத் தர்மம், திவசத்துக்குத் தர்மம், பிள்ளை பிறந்தால் தர்மம், வழக்கில் ஜெயித்தால் உண்டியலில் தர்மம். இவ்வளவு தர்மம் நடந்தும் பசி ஏன் ஒழியவில்லை, பிச்சை ஏன் ஒழியவில்லை என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. கேட்டால், "அது அவனவன் தலையெழுத்து" என்று பதில் வந்துவிடும். தலையெழுத்து என்றால் நீ எதற்காகக் கொடுக்கிறாய்? அவன் தலையெழுத்தை அழிப்பதற்காகவா? இல்லவே இல்லை. அவன் பசியைக் காட்டி உன் பாவக்கணக்கைக் குறைத்துக்கொள்ளுவதற்காகவேதான். ஒரு ரூபாய் போட்டு மோட்சத்தில் இடம் பிடிக்கப் பார்ப்பதற்குக் கொடை என்று பேர் வைப்பானேன்? வியாபாரம் என்று சொல்லிவிட்டால் என்ன?

இதை நாம் வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. எண்ணூரை அடுத்த முகத்துவாரக்குப்பத்தைப் பாருங்கள். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், ஆற்றையும் கடலையும் நம்பிப் பிழைக்கின்ற மீனவர் குப்பம் அது. 2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு, மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து கழிமுகமெங்கும் பரவிற்று. வலை பாழாயிற்று, படகு கறுத்தது, பிடித்து வந்த மீனையும் வாங்க ஆளில்லை. மீனவர்களே வாளியைக் கொண்டும் கையைக் கொண்டும் அந்த எண்ணெயை அள்ளினார்கள். 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலைக்கு 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குப் படகொன்றுக்கு 10,000 ரூபாயும் கொடுப்பதாக சர்க்கார் அறிவித்தது.

அப்பொழுது வெளியிலிருந்தும் பலர் வந்தார்கள். மனமிரங்கி வந்தவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால், பின்னொரு நாள் அக்கரையில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகின்றோம்: "ரொட்டி வந்துச்சு நைனா, பழைய பொடவை வந்துச்சு. கையில குடுத்துக்கினே போட்டோ புடிச்சாங்க. உங்களுக்கு இன்னா வோணும்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா?" அவருக்கு வேண்டியிருந்தது புடவையல்ல. வியாபாரம் நின்றுபோன நாட்களில் கூடைக்காக வாங்கிய கடனின் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள யாருக்கும் நேரமில்லை. போட்டோ பிடிக்க மாத்திரம் நேரமிருந்தது!

இது புதிய சங்கதியுமல்ல. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அடித்த பிறகு, நாகப்பட்டினம் பக்கத்துச் சாலைகளிலே லாரி லாரியாக வந்த பழந்துணிகள் யாரும் தொடாமல் குவிந்து கிடந்ததை நாடே பார்த்தது. பிறர் உடுத்திக் களைந்ததை உடுத்த மீனவர்கள் மறுத்தார்கள். "கஷ்டகாலத்திலும் இவர்களுக்கு இவ்வளவு கர்வமா?" என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. கர்வமல்ல தோழர்களே, அதற்குப் பேர்தான் சுயமரியாதை! வீட்டை இழந்தவன் மானத்தையும் சேர்த்து இழக்கவேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்லுகிறது? அன்றியும், படகுகளை வாரிக் கொடுத்தவர்கள், கரையிலே மீன் விற்கும் பெண்களையும் படகில்லாத கூலிகளையும் பல இடங்களில் மறந்தே போனார்கள். சில ஊர்களில் அலை அடிப்பதற்கு முன்னிருந்ததைவிட அதிகமான படகுகள் கரையில் நின்றன. கை தாராளமாயிருந்தும் அறிவு கூட வராவிட்டால் கொடை இப்படித்தான் முடியும்.

நிற்க. கொடுப்பதே வீண் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்துவிடக்கூடாது. வடசென்னையிலேயே நமக்கு ஒரு நல்ல பாடம் இருக்கின்றது. 1782-ல் பஞ்சம் வந்தபோது ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்டதுதான் மணியக்காரர் சத்திரம். கஞ்சி குடிக்க வந்தவர்களுக்கு வயிற்றுப்பசி மாத்திரமல்ல, வியாதியும் இருந்ததைக் கண்டு 1799-ல் அங்கே வைத்தியசாலை உண்டாயிற்று. அதுவே வளர்ந்து இன்றைக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியாக நிற்கின்றது. அதைக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் வெகுகாலம் ஜனங்கள் அழைத்தார்கள். ஒருநாள் கஞ்சி ஊற்றிப் புண்ணியம் வந்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தால் ஆஸ்பத்திரி ஏது?

பச்சையப்ப முதலியார் சங்கதியையும் பாருங்கள். 1794-ல் அவர் இறந்தபோது கோவில் கட்டளைகளுக்கும் தர்மங்களுக்கும் எழுதிவைத்த பணம் வெகுகாலம் வழக்கிலே கிடந்தது. அதில் மிஞ்சியதைக் கொண்டு 1842-ல் பள்ளிக்கூடம் வைத்தார்கள். அதுவே பின்னால் கல்லூரியாயிற்று. அறிஞர் அண்ணா படித்தது அந்தக் கல்லூரியில்தான். அப்பணம் முழுவதும் நைவேத்தியமாகவும் சமாராதனையாகவும் போயிருந்தால், சாப்பிட்டவர்கள் மறுநாளே பசித்திருப்பார்கள். பள்ளிக்கூடமாக மாறியபடியால் தலைமுறை தலைமுறையாகப் பயன் தருகின்றது. பணம் ஒன்றுதான், போகிற வழியில்தான் பேதம்.

"இதெல்லாம் பணக்காரர் காரியம். நாள் கூலிக்காரன் எதைக் கொடுப்பது?" என்று சிலர் கேட்கலாம். அவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைக்கும் பிடியரிசி வழக்கம் பணக்காரர் வீட்டு வழக்கமா? கரையிலே வலை இழுக்கக் கைகொடுத்தவனுக்குக் குழம்புக்கு மீன் கொடுத்தனுப்புகின்றவன் லட்சாதிபதியா? அப்படிக் கொடுப்பதை மீனவன் தர்மம் என்று சொல்லுவதில்லை, வாங்குகிறவனும் கும்பிடுவதில்லை. அதுவே நாம் விரும்பும் கொடை.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு தெருவில் 50 வீடுகள், வீட்டுக்கு வாரம் 20 ரூபாய் என்றால் வாரத்துக்கு 1,000 ரூபாய். வருஷத்துக்கு 52,000 ரூபாய். மேலே சொன்ன நிவாரணத்தில் நான்கு குடும்பங்களுக்குக் கிடைக்கக்கூடிய தொகையைவிட இது அதிகம். இதை ஏற்படுத்த ஜோசியம் வேண்டாம், நல்ல நாள் வேண்டாம். கூலி கைக்கு வருகிற நாளே நல்ல நாள். வீட்டு வாடகையைப்போல, பால் பாக்கியைப்போல இதையும் முதலில் எடுத்து வைத்துவிடவேண்டும். மிஞ்சினால் கொடுப்போம் என்கிறவனுக்கு என்றைக்கும் மிஞ்சப்போவதில்லை. மனம் இளகும்போது மாத்திரம் கொடுப்பவன் மனம் இறுகும்போது நிறுத்திவிடுவான். பழக்கமாகக் கொடுக்கிறவனுக்கோ மனத்தின் தயவு தேவையில்லை.

ஆனால், நாலு காரியங்களை மறக்கக்கூடாது. முதலாவது, என்ன வேண்டும் என்று வாங்குகிறவரையே கேட்கவேண்டும். இரண்டாவது, உன் வீட்டில் உனக்கு உதவாததைக் கொடை என்று தள்ளக்கூடாது. மூன்றாவது, கொடுத்தவன் பேரைச் சுவரிலும், வாங்கியவன் முகத்தைப் போட்டோவிலும் போடக்கூடாது. நாலாவது, மாதம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் கணக்கைப் படிக்கவேண்டும். அந்தக் கணக்கைப் பார்ப்பவர்களில் பெண்களும் இருக்கவேண்டும். ஏனெனில், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

கடைசியாக ஒன்று. கொடை எவ்வளவு பெரிதானாலும் அது நியாயத்துக்கு ஈடாகாது. கழிமுகத்தில் எண்ணெய் பரவினால், அதற்குப் பொறுப்பானவர்கள் நஷ்டஈடு கொடுப்பது கடமை. நாம் ரொட்டி கொடுத்து அந்தக் கடமையை மறைத்துவிட்டால், மீனவனுக்கு உதவி செய்தவர்களாகமாட்டோம். குற்றவாளிக்கு உதவி செய்தவர்களாவோம். பசித்தவனுக்கு இன்று சோறும், நாளை உரிமை கேட்டு எழுதும் மனுவுக்கு ஒரு கையெழுத்தும், இரண்டுமே கொடைதான். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை ஒளிக்கிறவன் அரைக் கொடையாளி.

ஆகவே தோழர்களே, அடுத்த அமாவாசைக்குக் காத்திருக்கவேண்டாம். இந்த வாரக் கூலியிலேயே தொடங்குங்கள். மேலுலகத்தில் யாரோ கணக்கெழுதுகிறார் என்று கொடுக்கவேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு மனிதர் இருக்கிறார் என்று கொடுங்கள். முகத்துவாரக்குப்பத்து அம்மாளின் கேள்வி நம்மையெல்லாம் பார்த்துத்தான் கேட்கப்பட்டது. இனியாவது அவரிடம் போய், "என்ன வேண்டும் அம்மா?" என்று கேட்கக் கற்றுக்கொள்ளுவோமாக.