செட்டில் ஆனதும் பாத்துக்கலாம் பாஸ்!



போன வாரம் மெஸ் சாம்பாரைக் கிண்டலடிச்சு எழுதினதுக்கு, மெஸ் அண்ணன் எனக்கு மட்டும் ரெண்டு கரண்டி எக்ஸ்ட்ரா ஊத்தறார். பாசமா, பழிவாங்கலான்னு இன்னும் தெரியலை! இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ். கோவிச்சுக்காம படிங்க.

நம்ம கேம்பஸ்ல அதிகமா அடிபடற வார்த்தை எது? 'மச்சி'யா, 'அரியரா'? என்னைக் கேட்டா, 'செட்டில்'. ஊருக்குப் போகணுமா? 'வேலை கிடைச்சு செட்டில் ஆனதும் பாத்துக்கலாம்.' தூசி படிஞ்சு கிடக்கற கிடாரை எடுக்கணுமா? செட்டில் ஆனதும். சண்டை போட்டு ஆறு மாசமா பேசாத ஸ்கூல் ஃப்ரெண்டுக்கு ஒரு போன்? அதுவும் செட்டில் ஆனதும்தான்!

நானும் அந்தக் கட்சியில சீனியர் மெம்பர். அடுத்த ஜூலையில எங்க காலேஜ்ல பிளேஸ்மென்ட் ஆரம்பிக்குது. காலையில ஆப்டிடியூட், ராத்திரி கோடிங், நடுவுல கொஞ்சம் இன்ஜினீயரிங். அம்மா போன் பண்ணினா, 'சீக்கிரம் சொல்லுமா'ன்னுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

அப்பா டெய்லர். தீபாவளிக்கு முந்தின நாள் டெய்லர் வீடு எப்படி இருக்கும்னு பாத்திருக்கீங்களா? துணிக்கு நடுவுலதான் நடக்கணும். அந்த ராத்திரி நான் லேப்டாப்ல ஒரு ஆன்லைன் டெஸ்ட் எழுதிட்டிருந்தேன். அப்பா ஊசியை நீட்டி, 'தம்பி, இதுல நூலைக் கோத்துக் குடுய்யா'ன்னார். 'ஒரு நிமிஷம்ப்பா'ன்னேன். டெஸ்ட் முடிஞ்சு நிமிர்ந்தப்ப அவர் வேற வேலைக்குப் போயிட்டார். நானும் மறந்துட்டேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ சுவத்து ஆணியில ஒரு கறுப்புக் கண்ணாடி தொங்குச்சு. 'யாருதுடா இது?'ன்னு பக்கத்து வீட்டு ஆறாங்கிளாஸ் பையன்கிட்ட கேட்டேன். 'மாமாவுக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணாங்கள்ல, அப்பக் குடுத்தது. அதுக்கு முன்னாடி நான்தாண்ணே தினமும் நூல் கோத்துக் குடுத்தேன். ஒரு ஊசிக்கு ஒரு முட்டாய்'னான்.

கண்புரை. மூணு மாசமா சரியாத் தெரியாமலே தைச்சிருக்கார். கார்த்திகையில ஆபரேஷன். துணைக்குப் போனது பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு யாருமே சொல்லலை.

அம்மாகிட்ட கத்தினேன். அம்மா அரிசி களைஞ்சுக்கிட்டே கேட்டாங்க: 'நீ போனை எடுத்தாலே சீக்கிரம் சொல்லுங்கற. இதை எப்படிடா சீக்கிரமாச் சொல்றது?'

பதில் இல்லை பாஸ்!

கேரியர், கேரியர்னு ஓடினா நாப்பது வயசுல பி.பி., சுகர் வரும்னுதான் நாம கேள்விப்பட்டிருக்கோம். அது பின்னாடி கட்டவேண்டிய பில். நமக்குத் தெரியாம இப்பவே ஒரு பில் ஏறிட்டிருக்கு. வீட்டுல நம்மகிட்ட நல்ல செய்தி மட்டும் சொல்ல ஆரம்பிச்சுடறாங்க. 'அவன் படிக்கட்டும், தொந்தரவு பண்ணாதே'ன்னு பாசத்துலதான் செய்யறாங்க. ஆனா, நம்ம வீட்டுலயே நாம விருந்தாளி ஆயிடறோம்.

இதைப் படிச்சுட்டு, 'அப்போ வேலை முக்கியமில்லையா?'ன்னு சட்டையைப் பிடிக்காதீங்க. எங்க ஹாஸ்டல்ல பாதிப் பேர் முதல் பட்டதாரி சான்றிதழோட வந்தவங்க. எனக்கே எஜுகேஷன் லோன் இருக்கு. எங்களுக்கு வேலைங்கறது ஆடம்பரம் இல்லை. அப்பா தையல் மெஷினை விட்டு எழுந்திரிக்கறதுக்கான வழி. அதனால 'மனசுக்குப் பிடிச்சதை மட்டும் செய்யுங்க'ன்னு அட்வைஸ் பண்ற தகுதி எனக்குக் கிடையாது. உழைக்கறது தப்பே இல்லை. மத்த எல்லாத்தையும் 'செட்டில்' வரைக்கும் தள்ளிப்போடறதுதான் சிக்கல். ஏன்னா, அந்தத் தேதி நகர்ந்துக்கிட்டே இருக்கும். ஒரு சீனியர் அண்ணன் சொன்னார்: 'முதல்ல ஆஃபர் லெட்டர்னு நினைச்சேன். அப்புறம் கன்ஃபர்மேஷன், அப்புறம் ஆன்சைட், இப்ப ஃப்ளாட் இ.எம்.ஐ. இன்னும் 18 வருஷம் இருக்குடா!'

இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கணும்னு 2023-ல இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி சொன்னது ஞாபகம் இருக்கா? இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் இல்லையா, உடனே கணக்குப் போட்டுப் பாத்தேன். வாரத்துக்கு 168 மணி நேரம். வேலைக்கு 70, தூக்கத்துக்கு 56. குளியல், சாப்பாடு, பஸ், டிராஃபிக் எல்லாம் தினம் 4 மணின்னா 28. மிச்சம் 14. அதாவது, ஒரு நாளைக்கு ரெண்டே மணி நேரம்! அதுக்குள்ள அம்மா, அப்பா, நண்பன், காதல், கிரிக்கெட், காய்ச்சல் எல்லாத்தையும் அடைக்கணும்.

உடம்பு கணக்கு இன்னும் டெர்ரர். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்யறவங்களை விட, 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ செய்யறவங்களுக்குப் பக்கவாதம் வர்ற ஆபத்து 35 சதவிகிதம் அதிகம். நீண்ட நேர வேலையால 2016-ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 7,45,000 பேர் பக்கவாதத்துலயும் இதய நோயிலயும் இறந்திருக்காங்கன்னு அது சொல்லுது. ஜப்பான்ல, அளவுக்கு மீறி வேலை செஞ்சு சாகறதுக்குன்னே 'கரோஷி'ன்னு ஒரு சொல் இருக்கு. அதைத் தடுக்க 2014-ல தனிச் சட்டமே போட்டாங்க.

சரி, பயமுறுத்தினது போதும். ஒரு நல்ல கதை. 1938-ல அமெரிக்காவோட ஹார்வர்டு யுனிவர்சிட்டியில ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. நம்ம வயசுப் பசங்க 268 பேர். பின்னாடி ஜனாதிபதியான கென்னடியும் அதுல ஒருத்தர். பாஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பத்துப் பசங்களும் பின்னாடி சேர்ந்தாங்க. பல பத்து வருஷம் அவங்க வாழ்க்கையை விடாம பதிவு பண்ணினாங்க. 80 வயசுல யார் ஆரோக்கியமா இருப்பாங்கன்னு கணிக்க, 50 வயசுல இருந்த கொலஸ்ட்ரால் அளவை விட, சுத்தி இருந்த உறவுகள்ல எவ்வளவு திருப்தியா இருந்தாங்கங்கறதுதான் நல்லா உதவுச்சாம். இது எந்த ஆப்டிடியூட் புக்லயும் வராத கேள்வி மக்களே!

நான் இப்ப என்ன பண்றேன்? பெருசா ஒண்ணுமில்லை. கோடிங்கை விடலை. ஜூலைக்கு ரெடியாயிட்டுதான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி லேப்டாப்பை மூடி வெச்சுட்டு வீட்டுக்குப் போன் பண்றேன். 'எனக்குச் சொல்லாம விட்டது ஏதாவது இருக்காம்மா?'ன்னு கேக்கறேன். முதல் வாரம், 'ஒண்ணுமில்லடா, சாப்பிட்டியா?'ன்னாங்க. ரெண்டாவது வாரமும் அதேதான். மூணாவது வாரம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், 'உனக்கு இப்ப வேலை ஒண்ணுமில்லையே?'ன்னு கேட்டுட்டு, மெதுவா ஆரம்பிச்சாங்க. நாப்பது நிமிஷம் பேசினோம். என்னன்னு இங்கே எழுத முடியாது. அது எங்க வீட்டு விஷயம். என்கிட்ட சொல்லிட்டாங்க, அது போதும்.

அப்பா இப்பல்லாம் அவரே நூல் கோத்துக்கறார். போன தடவை ஊருக்குப் போனப்போ, 'குடுங்கப்பா, நான் கோத்துத் தர்றேன்'னு கை நீட்டினேன். 'வேண்டாம்யா, இப்ப நல்லாத் தெரியுது'ன்னு சிரிச்சார்.

இந்த ஞாயித்துக்கிழமை நீங்களும் கேட்டுப் பாருங்க. 'ஒண்ணுமில்லை'ன்னுதான் பதில் வரும். அடுத்த வாரமும் கேளுங்க!

அடுத்த இதழ்ல அரியர் புராணத்தோட சந்திப்போம். வரட்டா!