கால்வாய்கள் யாருடைய பாரம்பரியம்?

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில், இரண்டு பெரும் கால்வாய்கள் சந்திக்கும் இடத்தில் பிரான்ஸ்டன் என்னும் சிற்றூர் உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதக் கடைசியில் அங்கே பழம்படகுகளின் விழா நடக்கிறது. ஏழடி அகலமும் எழுபதடி நீளமும் கொண்ட 'நேரோபோட்' படகுகள் வண்ணம் பூசப்பட்டு அணிவகுக்கின்றன. அவற்றில் கூட்டத்தைப் பெரிதும் ஈர்ப்பது 'பிரெசிடென்ட்' என்ற நீராவிப் படகு. ஃபெலோஸ், மார்ட்டன் அண்ட் கிளேட்டன் என்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனம் 1909ஆம் ஆண்டு பர்மிங்ஹாமில் கட்டிய படகு அது. இன்று டட்லியில் உள்ள பிளாக் கன்ட்ரி அருங்காட்சியகத்தின் உடைமையாக, தன்னார்வலர்களின் உழைப்பால் ஓடிக்கொண்டிருக்கிறது. புகைபோக்கியின் பித்தளை வளையங்கள் பளபளக்கின்றன. கரையில் நிற்பவர்கள் பழைய இங்கிலாந்தின் அமைதியான அழகைக் கண்டு மகிழ்ந்து வீடு திரும்புகின்றனர்.

அந்த அமைதி ஒருபோதும் இருந்ததில்லை. நீராவிப் படகும், அது இழுத்துச் சென்ற துணைப் படகும் சேர்ந்த இணைக்கு ஏழு அல்லது எட்டு ஆண்கள் தேவைப்பட்டனர். முறைவைத்து உறங்கி, இரவு பகலாக நிற்காமல் ஓட்டி, லண்டனிலிருந்து பர்மிங்ஹாமுக்குச் சுமார் 54 மணி நேரத்தில் சரக்கைச் சேர்க்க வேண்டும். வழி முழுவதும் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் லாக்குகளைக் கையால் திறந்து மூட வேண்டும். சுரங்கப் பாதைகளுக்குள் நுழைந்தால் கொதிகலனின் புகை வெளியேற வழியில்லை. பிரான்ஸ்டனிலிருந்து அதிக தூரமில்லாத பிளிஸ்வொர்த் சுரங்கத்தின் நீளம் ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர். 1861ஆம் ஆண்டு அதற்குள் நீராவிப் படகில் சென்ற இரண்டு தொழிலாளர்கள் மூச்சுத் திணறி இறந்தனர். விழாவில் இன்று குழந்தைகள் கைதட்டி வரவேற்கும் புகை அதுதான்.

நீராவியை நிறுவனங்கள் கைவிட்டதற்குத் தொழிலாளர் மீதான கருணை காரணமல்ல. கொதிகலனும் நிலக்கரியும் சரக்கு ஏற்றும் இடத்தை விழுங்கின, ஆட்கூலி அதிகமானது. எண்ணெய் இயந்திரம் வந்ததும் கணக்கு மாறியது. 'பிரெசிடென்ட்' படகிலிருந்து 1925இல் நீராவி இயந்திரம் அகற்றப்பட்டது. அதன் பிறகு இத்தகைய படகுகளை ஓட்ட ஏழெட்டு ஆண்கள் வேண்டியதில்லை. ஒரு குடும்பம் போதும். குடும்பப் படகு என்ற இந்த ஏற்பாடு புதியதும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரயில்வேயின் போட்டியால் சரக்குக் கட்டணம் சரிந்தபோதே, வீட்டு வாடகையையும் கூலியாள் செலவையும் தாங்க முடியாத படகோட்டிகள் மனைவி மக்களைப் படகில் ஏற்றிக்கொண்டனர். ஏறத்தாழ பத்தடி நீளமுள்ள ஓர் அறையே அடுப்படி, படுக்கை, பேறுகால அறை எல்லாமும். ஊதியம் படகுத் தலைவரின் பெயரில் மட்டுமே எழுதப்பட்டது. சுக்கான் பிடித்த மனைவிக்கும், லாக்குக் கதவைத் தள்ளிய சிறுமிக்கும் எந்தப் பேரேட்டிலும் இடமில்லை. குடும்பத்தின் கூலியற்ற உழைப்பையும் சேர்த்தே மூலதனம் உறிஞ்சியது. சிறுவயதில் செங்கல் சூளையில் வேலை செய்த ஜார்ஜ் ஸ்மித் என்பவரின் இடைவிடாத பிரச்சாரத்தால்தான் 1877இலும் 1884இலும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் வந்தன. படகுகளைப் பதிவு செய்யவும், ஓர் அறையில் எத்தனை பேர் வசிக்கலாம் என்று வரையறுக்கவும் அவை வகை செய்தன. ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும் படகின் பிள்ளைகளுக்குப் பள்ளி எட்டாக்கனியாகவே நீடித்தது.

இந்தப் பின்னணியில்தான் 1923ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதே பிரான்ஸ்டனில் படகுகள் நின்றன. 'பிரெசிடென்ட்' படகைக் கட்டிய அதே நிறுவனம் கூலியைக் குறைக்க முற்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் உருவாகியிருந்த போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் பதாகையின் கீழ் படகோட்டிகள் வேலைநிறுத்தம் செய்தனர். கற்றறியாதவர்கள், நாடோடிகள், அமைப்பாகத் திரள இயலாதவர்கள் என்று இகழப்பட்ட மக்கள் பதினான்கு வாரங்கள் அசையாமல் நின்றனர். படகு நின்றதால் அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல முடிந்தது! வேலைநிறுத்தம்தான் அவர்களுக்குக் கிடைத்த கல்வி ஆண்டு. பாரம்பரியம் என்ற சொல்லுக்கு ஏதேனும் பொருள் உண்டெனில், பித்தளை வளையங்களுக்கு முன்பாக இந்தப் பதினான்கு வாரங்களைத்தான் அது குறிக்க வேண்டும்.

நடுத்தர வர்க்கத்தின் விடுமுறைப் பொழுதுபோக்கில் இடதுசாரிகளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கால்வாய்களின் உடைமை பற்றிய கேள்வி இங்கேதான் எழுகிறது. அட்லீ தலைமையிலான தொழிலாளர் கட்சி அரசு 1948 ஜனவரி 1 முதல் பெரும்பாலான கால்வாய்களை நாட்டுடைமையாக்கியது. பங்குதாரர்களுக்கு இழப்பீடு கொடுத்து வாங்கியது என்பதையும், நிர்வாகத்தில் படகோட்டிகளுக்குப் பங்கில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பின்வந்த அரசுகள் முதலீடு செய்யாமல் கால்வாய்களைச் சேறடைய விட்டன. 1962-63ஆம் ஆண்டின் கடும் பனி உறைவு சரக்குப் படகுத் தொழிலின் முதுகை முறித்தது. மூடப்படவிருந்த பல கால்வாய்களை வார இறுதிகளில் சேற்றில் இறங்கி மீட்டவர்கள் சாதாரண மக்களே. அவர்களுடைய உழைப்பு மதிப்புக்குரியது. ஆனால் அந்த உழைப்பையே காரணம் காட்டி அரசு தன் கடமையைக் கைகழுவுவது வேறு விஷயம்.

அது 2012 ஜூலையில் நடந்தது. கன்சர்வேட்டிவ்–லிபரல் கூட்டணி அரசு, பொதுச் செலவை வெட்டும் வேகத்தில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள சுமார் 2,000 மைல் நீர்வழிகளை 'கால்வாய் மற்றும் ஆறு அறக்கட்டளை' என்ற தொண்டு அமைப்பிடம் ஒப்படைத்தது. தனியார்மயம் என்ற சொல்லைக் கேட்டால் மக்கள் கொதிப்பார்கள். அறக்கட்டளை என்றால் உண்டியலில் காசு போடுவார்கள். அரசு மானியத்துடன் வாடகை வருவாய், முதலீட்டு வருவாய், படகு உரிமக் கட்டணம், நன்கொடை ஆகியவற்றைக் கொண்டு இருநூறு ஆண்டுப் பழைய அணைகளையும் பாலங்களையும் காப்பாற்றுவதாக ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் லட்சணம் 2019 ஆகஸ்ட் 1 அன்று தெரிந்தது. டெர்பிஷயரின் வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலே உள்ள டாட்புரூக் நீர்த்தேக்கத்தின் உபரிநீர்ப் போக்கி உடைந்தது. சுமார் 1,500 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். ராணுவ ஹெலிகாப்டர்கள் கல் மூட்டைகளைக் கொட்டி அணையைத் தாங்கிப் பிடித்தன. பழுதான வடிவமைப்பும் அவ்வப்போது மட்டுமே நடந்த பராமரிப்பும் காரணம் என்று விசாரணை கூறியது. இதன் பிறகும் 2023இல் டோரி அரசு, 2027க்குப் பிறகு மானியம் ஆண்டுக்கு ஆண்டு குறையும் என்று அறிவித்தது. பத்தாண்டுகளில் இது உண்மை மதிப்பில் 30 கோடி பவுண்டுக்கும் அதிகமான வெட்டு என்று அந்த அறக்கட்டளையே கணக்கிட்டது.

கால்வாய்களை ஒட்டி வளர்ந்த ஆலைகளின் கதியும் இதுவே. லங்காஷயரின் பர்ன்லிக்கு அருகே 1894இல் எழுந்த குவீன் ஸ்ட்ரீட் ஆலையில் நீராவியால் இயங்கும் தறிகள் இன்றும் உள்ளன. இந்திய நெசவாளர்களின் வாழ்வை அழித்த துணி இந்த மாவட்டத்தின் ஆலைகளிலிருந்துதான் வந்தது. அங்கே பஞ்சுத் தூசியைச் சுவாசித்த நெசவாளர்களும் சுரண்டப்பட்டவர்களே. இரு நாட்டு உழைப்பாளரும் சேர்ந்து படிக்க வேண்டிய அந்தப் பாடசாலையை, நிதி வெட்டைக் காரணம் காட்டி மாவட்ட நிர்வாகம் 2016இல் பூட்டியது. எதிர்ப்புக்குப் பிறகு குறைந்த நாட்களுக்கே அது திறக்கப்பட்டது. இந்தியாவில் இதே சரக்கு வேறு பெயரில் விற்கப்படுகிறது. 2018இல் 'பாரம்பரியத்தைத் தத்தெடுத்தல்' என்ற பெயரில் செங்கோட்டையின் பராமரிப்பு, ஐந்தாண்டுகளுக்கு 25 கோடி ரூபாய் என்ற கணக்கில் டால்மியா குழுமத்திடம் தரப்பட்டது. 2021இல் ஆறு லட்சம் கோடி ரூபாய்க்கான பணமாக்கல் திட்டம் வந்தது. அங்கே தொண்டு, இங்கே தத்து.

மானியம் குறைந்தால் பணம் யாரிடமிருந்து வரும்? லண்டனில் ரீஜென்ட்ஸ் கால்வாயை ஒட்டிய விக்டோரியா காலத்து நிலக்கரிக் கிடங்குகள் 2018இல் ஆடம்பரக் கடைத்தெருவாகத் திறக்கப்பட்டன. நீரோரக் காட்சிக்காக நிலத்தின் விலை ஏறுகிறது. அந்த ஆதாயம் நில உடைமையாளர்களுக்கு. அதே நகரில் வாடகை கொடுக்க இயலாத உழைக்கும் மக்கள் பலர் படகையே வீடாக்கிக்கொண்டுள்ளனர். நிலையான நிறுத்துமிடம் இல்லாதவர்கள் ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்கக்கூடாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். அந்த மக்கள் மீதுதான் 2024 ஏப்ரல் முதல் கூடுதல் உரிமக் கட்டணம் சுமத்தப்பட்டது. ஆண்டுதோறும் உயர்ந்து 2028இல் அது 25 சதவீதத்தை எட்டும். படகுவாசிகள் தங்கள் சங்கத்தின் தலைமையில் படகுகளை அணிவகுத்து ஓட்டி எதிர்ப்புத் தெரிவித்தனர். கட்டணம் திரும்பப் பெறப்பட வேண்டும், நீர்வழிகளுக்கான முழுச் செலவையும் பொதுநிதியிலிருந்து அரசே ஏற்க வேண்டும் என்பதே பிரிட்டனின் உழைக்கும் மக்கள் முன்னுள்ள கோரிக்கை. பிரான்ஸ்டன் விழாவின் மேடையில் அந்தக் கோரிக்கைக்கு இதுவரை இடம் ஒதுக்கப்படவில்லை. 1923இல் படகுகளை நிறுத்தியவர்கள் மேடைக்காகக் காத்திருக்கவும் இல்லை.